கரிசல் மண்ணில் பெரியவரின் பள்ளிக்கூடம்

1955 சித்திரை. காலை பத்தே முக்காலுக்குச் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கினேன். விருதுநகரில் வண்டி மாறியதிலிருந்து உட்கார இடமில்லை. கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்த கூட்டம் என் காலை மிதித்தே ஊர் வந்து சேர்ந்தது. ஸ்டேஷன் எதிரே இரண்டு இட்லியும் காபியும் மூன்று அணா. காபியைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் போனது சாமி கும்பிட அல்ல. சென்னையில் நாடறிந்த ஓர் ஆர்க்கிடெக்ட்டிடம் படம் வரைபவனாக இருக்கிறேன். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். பிறந்த ஊரில் தன் செலவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். எட்டு வருஷமாக அசையாமல் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, அதே வரைபடத்தில் கரிசல் காட்டில் இன்னும் பத்துப் பள்ளிகள் கட்டச் சர்க்கார் கேட்டிருக்கிறது. பெரியவருக்கு இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வர நேரமில்லை. பழையதை அளந்து வர என்னை அனுப்பினார்.

பதினொன்றரை மணி பஸ் ஒரு மணிக்குப் புறப்பட்டது. குருவிகுளம் வரை பன்னிரண்டு மைல், ஒன்பது அணா. பிறகு மூன்று மைல் நடை. ஊர்ப் பெயரைச் சொல்லி யாரையும் வெட்கப்படுத்த எனக்கு விருப்பமில்லை. பருத்தி பிடுங்கிய நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் குடையை விட்டுப் பார்த்தேன், பிடி வரை போயிற்று. பெரியவர் போட்ட அஸ்திவாரம் மூன்றடிதான்.

மாலை நான்கு மணி. பள்ளிக்கூடச் சுவரில் ஒரு கீறல் இல்லை, சுண்ணாம்பு வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. வாத்தியார் பதனீர் கொடுத்து உபசரித்தார். குடித்துவிட்டுத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். சுவர் நாலு அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. சுண்ணாம்பைச் சுரண்டினால் கை நுழையும் வெடிப்பு, அது நிறையக் கரிசல் மண்.

“வருசா வருசம் கோடையில வெடிக்கும் சார். அவுக வாரதுக்கு முந்தி, இப்பம் நீங்க வாரதுக்கு முந்தி, மண்ணை அடச்சு வெள்ளையடிச்சிருவோம். நம்ம ஊருப் பிள்ளை கட்டுனது வெடிச்சிட்டுன்னு எந்த வாயால சொல்ல?” என்றார் வாத்தியார்.

எனக்குக் கோபம் வந்தது. மழையில் நிலம் உப்பும்போது வெடிப்பு தானாக மூட வேண்டும். அடைத்த மண் மூட விடாது, சுவரைத்தான் வெளியே தள்ளும். பாசத்தால் பள்ளிக்கூடத்தைத் தாங்களே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்தால் அறுபது பிள்ளைகள் அந்தச் சுவரடியில் உட்காருவார்கள்.

வடக்குச் சுவரையும் சுரண்டினேன், அங்கே செங்கல் மட்டும் புதிது. ஏன் என்று கேட்டேன். வாத்தியார் மென்று விழுங்கித்தான் சொன்னார். போன ஐப்பசி மழையில், தண்ணீர் இறங்காமலிருக்க வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்த வேலு என்பவர் மேல் அந்தச் சுவர் விழுந்தது, ஆள் பிழைக்கவில்லை. வேலு பெரியவரின் சோட்டாள், சிறுவயதில் அவரோடு ஒரே கிணற்றில் நீச்சல் பழகியவர். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவரும் அவர்தான். ஊர் கூடி இருபது நாளில் சுவரை எழுப்பிவிட்டது. பெரியவருக்குத் தெரிவிக்கவில்லை.

நான் நம்பவில்லை. பெரியவர் மாதம் தவறாமல் வேலுவுக்குக் கடிதம் எழுதுகிறார், நானே தபாலில் போட்டிருக்கிறேன். பதிலும் வருகிறதே என்றேன்.

“நான்தான் எழுதுதேன்” என்றார் வாத்தியார். தலை நிமிரவில்லை.

உள்ளதை எழுதத்தான் போகிறேன் என்று நான் சொன்னதும் வாத்தியார் என்னை வேலுவின் மனைவி பேச்சியம்மாளிடம் கூட்டிப்போனார். முற்றத்தில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை விறகுக்காகக் கட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். பெரியவர் கேட்டால் மனசொடிந்து போவார், எழுத வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். வாத்தியார் தன் கணவர் பேரில் பதில் எழுதுவதும் அவருக்குத் தெரியும். வருகிற கடிதத்தையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கணவரின் பெட்டியில் அவரே வைக்கிறார். பத்து ஊர்களைப் பற்றியும் அறுபது பிள்ளைகளைப் பற்றியும் நான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கையிலிருந்த கட்டை இறுக்கி முடிந்தார்.

“அப்பம் எழுதுங்க ஐயா. பிள்ளைக என்ன பாவம் பண்ணுச்சு” என்றார். பிறகு, “இனி அவுக பேருக்குக் கடுதாசி வராதுல்லா” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் பஸ்ஸுக்கு நடந்தபோது வழியனுப்ப யாரும் வரவில்லை. சங்கரன்கோவில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பெரியவருக்கு எழுதினேன். அளவுகளை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டேன். வேலுவைப் பற்றிய நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் செத்தவருக்குப் பதினாறாம் நாளோடு காரியம் முடிந்துவிடும். வேலுவுக்கு ஆறு மாதம் கழித்து, தபால் பெட்டியில் அந்தக் கவரைப் போட்டு நான் முடித்துவைத்தேன்.