ஷுவாய் அத்தையின் கல்யாணமாகாத சான்றிதழ்

ஷுவாய் அத்தையைப் போல ஒரு பெண் உலகத்தில் இதுவரை பிறந்ததில்லை. அவளை இருக்க விடலாமா வேண்டாமா என்று யோசித்தே தென்னாப்பிரிக்காவில் மூன்று அமைச்சர்களுக்கு முடி கொட்டிவிட்டது. அவள் ஜிம்பாப்வேயிலிருந்து எல்லை தாண்டிய அன்று லிம்போபோ ஆற்று முதலைகள் எழுந்து நின்று வழி விட்டன. அவள் வைக்கும் குடல் குழம்பின் வாசனைக்கு ஜோகன்னஸ்பர்க் விமானங்கள் பாதை மாறியிருக்கின்றன.

இதில் குழம்பு மட்டும் உண்மை. டாக்ஸி நிலையத்துக்குப் பின்னால் மக்காச்சோளக் களியும் மாட்டுக்குடல் குழம்பும் விற்கிறாள். பதினோரு மணிக்கெல்லாம் டிரைவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவளுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே குலச்சின்னம், எலாண்ட் மான். அதனால் எனக்கு அத்தை. எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அவளுடையது.

அவளோடு இருப்பவர் தஃபிரெனிகா மாமா. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எல்லா லிஃப்டையும் சரி செய்துவிட்டார், எங்கள் கட்டடத்து லிஃப்டைத் தவிர. மாமாவுக்கு இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உண்டு. அத்தைக்கு இருந்தது ஜூலை முப்பத்தொன்றோடு முடிகிற ஒரு காகிதம். அதற்குள் வேறு கிடைக்காவிட்டால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு சொந்த ஊருக்கு, மஸ்விங்கோ பஸ் ஏற வேண்டியதுதான்.

ஏழு வருஷமாக ஒரே வீடு, கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் தரவேண்டிய மாடுகளைப் பேசி முடிக்க அத்தையின் அண்ணன் மனது வைக்க வேண்டும். மாமாவின் ஆட்கள் முதல் தடவை போனபோது அந்த வீட்டில் துக்கம். இரண்டாவது தடவை தூது போனவர் எங்கள் வழக்கப்படி கைதட்டிக் கும்பிடாமல் உட்கார்ந்துவிட்டார், எழுப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை அண்ணன் ஊரில் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து அவரே சொன்னார். பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமே என்றால், “கேக்காம எடுத்துட்டுப் போறதுக்குப் பேரு வேற” என்பாள் அத்தை.

விண்ணப்பம் நிரப்பும் கடைக்காரர் விரல் விட்டுச் சொன்னார். “வழி மூணும்மா. ஒண்ணு, கல்யாணம் பண்ணிக்கோங்க. ரெண்டு, வேலை அனுமதி. ஆனா இந்த நாட்டுல வேற யாருக்கும் தெரியாத வேலையா இருக்கணும்.”

“என் குழம்பு வேற எவளுக்குத் தெரியும்?”

“அதைச் சர்க்கார் ருசி பார்க்காதும்மா. மூணாவது, வாழ்க்கைத் துணை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தாப் போதும். கல்யாணம் ஆகலைன்னு உங்க ஊர்ல இருந்து ஒரு சான்றிதழ். கல்யாணம் ஆன மாதிரியே இருக்கீங்கன்னு இங்க ஒரு சான்றிதழ்.”

அத்தை இரண்டு விரலை மடக்கினாள். “ரெண்டும் உண்மைதான். சேர்த்துப் படிச்சாத்தான் அசிங்கமா இருக்கு.”

காகிதங்களோடு, எப்படிச் சந்தித்தோம், எப்படி வாழ்கிறோம் என்று ஒரு கடிதமும் வேண்டும். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டாலும் கையெழுத்து என்னைவிட்டுப் போகவில்லை. நான்தான் எழுதினேன். இரண்டு பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்கள், பதில் ஒத்துப்போக வேண்டும் என்றார் கடைக்காரர். அந்தப் பயிற்சிக்கும் நானே அதிகாரி. மாமாவின் பல்துலக்கியின் நிறம், படுக்கையில் யார் எந்தப் பக்கம், யார் குறட்டை என்று அறுபத்திரண்டு கேள்விகள். குறட்டையில் மட்டும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

விசாரணை அன்று குடிவரவு அலுவலகத்துப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அத்தை இடதுபக்க அறை, மாமா வலதுபக்க அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதிகாரி ஸ்கோசானா அம்மா என்று ஒருத்தி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்திருந்தாள். எனக்கு எல்லாமே கேட்டது.

“உங்க துணைவர் பேரு?”

“சோக்கோ.”

“ஃபைல்ல அப்படி யாரும் இல்லையே. சோக்கோன்னா என்ன?”

“குரங்கு.”

பேனா சத்தம் நின்றது.

“வீட்டுக்காரரைக் குரங்குன்னா கூப்பிடுவீங்க?”

“மரியாதையாக் கூப்பிடுறப்ப அப்படித்தான். அது அவர் குலம். கோவம்னா கூப்பிடவே மாட்டேன்.”

“சரி, காகிதத்துல இருக்கிற பேரு?”

“காகிதம் உங்க கையிலதானே இருக்கு? படிச்சுக்கோங்க. அந்தப் பேரை நான் வாயால சொல்றதில்ல.”

அறுபத்திரண்டு கேள்வியில் பேரை விட்டுவிட்டேனே! ஸ்கோசானா அம்மா அடுத்த அறைக்குப் போனாள்.

“உங்க துணைவி பேரு?”

“சிஹேரா” என்றார் மாமா. எலாண்ட் குலத்துப் பெண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவது. ஜோகன்னஸ்பர்க்கில் மட்டும் சில ஆயிரம் பேர் தேறுவார்கள்.

“பாஸ்போர்ட்ல?”

“ச… ஷ-வுல ஆரம்பிக்கும்.”

முடிந்தது கதை, மஸ்விங்கோ பஸ்ஸுக்கு எத்தனை மணி என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவள் திரும்பவும் இடதுபக்கம் வந்து என் கடிதத்தைப் பிரித்தாள்.

“நீங்க முதல்ல சந்திச்சது ரயில் நிலைய வாசல்ல. அடைமழை. அவர் ஒரு நீலக் குடையை உங்க கையில வச்சிட்டு, நனைஞ்சுக்கிட்டே, திரும்பிப் பார்க்காம ஓடிட்டார். சரியா?”

“யாரு, சோக்கோவா? நனைஞ்சுக்கிட்டா? அந்த மனுஷன் குடையைத் தன் தாயாருக்குக்கூடத் தரமாட்டாரு.”

“அப்ப எப்படிச் சந்திச்சீங்க?”

“என்கிட்டச் சாப்பிட வந்தாரு. நாலு டிரைவருங்க முன்னாடி குடல்ல மணல் இருக்குன்னாரு. கரண்டியாலயே ஒண்ணு வச்சேன். மறுநாளும் வந்தாரு.”

வலதுபக்க அறையில் அதே கேள்வி. மாமாவின் பதில்: “மணல் இருந்துச்சு மேடம். இன்னைக்குக் கேட்டாலும் அதான் சொல்வேன்.”

தடுப்பைத் தாண்டி அத்தையின் குரல் பாய்ந்தது. “அது மிளகு!”

“மிளகு பல்லுல நறநறங்காது சிஹேரா!”

“ஏழு வருஷமாத் தின்னுட்டு, சர்க்கார் முன்னாடி மானத்தை வாங்குறீங்களே!”

ஸ்கோசானா அம்மா இருவரையும் வெளியே கூப்பிட்டு நிறுத்தினாள்.

“பொய் ஜோடிங்க தினமும் வருதுங்க. ஒருத்தர் பேரை ஒருத்தர் பாட்டன் பேர்வரைக்கும் ஒப்பிக்குங்க. மணலுக்குச் சண்டை போட அதுங்களுக்குத் தெரியாது. எங்க அப்பா பேரு எங்கம்மாவுக்கும் தெரியாது, அவர் சாவுச் சான்றிதழ்லதான் பார்த்தாங்க.” கடிதத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கினாள். “இதைக் கொண்டுபோயிட்டு, நடந்ததை எழுதிக் கொண்டுவாங்க. மிச்சத்துக்கு நான் சரின்னு எழுதி அனுப்புறேன்.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். அத்தை அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தாள். ஏழு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் அவரைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

வாசலில் நின்று என் கடிதத்தை முதல் தடவையாகப் படித்தாள், உதடசைய, ஒவ்வொரு சொல்லாக. நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

“குடையோட பிடியில ஒரு கீறல், அதுல பச்சை டேப் சுத்தியிருந்துச்சுன்னு எழுதியிருக்கே. இதெல்லாம் யோசிச்சு எழுதுறது இல்லடி. கையில பிடிச்சுப் பார்த்தவ எழுதுறது. யாருடி அந்தப் பையன்?”

“டாக்ஸி வருது அத்தை” என்றேன்.

தெருவில் ஒரு வண்டியும் இல்லை.