யாரும் நடாத மூன்று மரங்கள்

ஒல்லாந்தர் கோட்டைக்கு நான் இறால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அங்கே சமைக்கிற அம்மாள் ஒருநாள் என் கூடையில் நாலு பழங்களைப் போட்டாள். மஞ்சளாக, அடியில் கொட்டை வெளியே துருத்திக்கொண்டிருந்த பழம். கடல் தாண்டி எங்கிருந்தோ வந்த மரமாம். கோட்டைத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் தீவான பசியாவரத்துக்குப் படகில் திரும்பும்போதே இரண்டைத் தின்றேன். தொண்டை கரகரத்தது, ஆனாலும் பிடித்தது. கொட்டைகளைக் குடிசைக்குப் பின்னால் புதைத்தேன். அந்தப் பக்கம் நிழல் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

ஒன்றுதான் முளைத்தது. நாலாம் வருடம் காய்த்தது. தீவில் எல்லோரும் அதைக் கோட்டைப் பழம் என்றார்கள். தொட யோசித்தார்கள்.

என் ஓரகத்திக்கு, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவிக்கு, அந்த யோசனை இல்லை. பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து உடைத்தாள். சாயங்காலத்துக்குள் உதடு வெந்துபோய்க் கொப்புளம் கட்டிவிட்டது. பத்து நாள் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியை மட்டும் குடிக்க மாட்டேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊர்ப் பெரியதனக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாத்துக்கும்மா இது? பனை இருக்குது, தாழை இருக்குது, புன்னை இருக்குது. நம்ம மண்ணுக்கு அது போதாதா?"

"நெழலுக்குதான் வெச்சேன் நைனா."

"நட்டவங்களே வெட்டணும். அதான் முறை."

வெட்டினேன். வீட்டுக்காரர் கோடரியைக் கேட்டார், கொடுக்கவில்லை. இரண்டு நாள் கோபம் இருந்தது. யார்மேல் என்று எனக்கே தெளிவாக இல்லை. வேரைத் தோண்டி எடுத்துவிட்டதால் அது திரும்பத் தழைக்கவும் இல்லை.

மூன்று மழைக்காலம் போயிருக்கும். விறகு பொறுக்கத் தீவின் வடக்கே இருந்த மணல்மேட்டுக்குப் போனேன். அங்கே புன்னைகளுக்கு நடுவில் அதே இலை. மூன்று கன்றுகள், என் இடுப்பு உயரம். அந்தப் புன்னைகளில் வௌவால்கள் அடையும். என் மரத்துப் பழங்களை அங்கே தூக்கிக்கொண்டு வந்து தின்றுவிட்டுக் கொட்டைகளைப் போட்டிருக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் காய்க்கத் தொடங்கியதும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. பெரியதனக்காரர் மறுபடியும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"இதுவும் நீ வெச்சதா?"

"நா வெக்கல நைனா. வௌவால் போட்டது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தானே மேட்டுக்குப் போய் மரங்களைச் சுற்றி வந்தார். ஒரு கிளையில் தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தார்.

"யாரும் நடலைன்னா யாரப் போய் வெட்டச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்கு மேல் தீர்ப்பு எதுவும் இல்லை.

என் ஓரகத்திக்கு மட்டும் மனம் ஆறவில்லை. உதிர்ந்த கொட்டைகளையெல்லாம் பொறுக்கி, ஓட்டைப் பானையில் போட்டு, அடுப்பில் ஏற்றினாள். எரித்து ஒழிக்க வேண்டும் என்றுதான் செய்தாள். ஓட்டை வழியாகக் கறுப்பாக எண்ணெய் வடிந்து பக்கத்தில் கிடந்த பலகையில் ஊறியது. மறுநாள் அந்தப் பலகைமேல் தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் ஓடியது. அதைப் பார்த்து அந்த எண்ணெயைத் தன் புருஷனுடைய படகின் அடியில் பூசினாள். அந்த வருடம் மற்றப் படகுகளில் புழு துளைத்தது, அதில் துளைக்கவில்லை. கொட்டையைத் தீயில் சுட்டால் பருப்பு வாயைப் புண்ணாக்காது, ருசிக்கும் என்றும் அவள்தான் முதலில் சொன்னாள். அதன்பிறகு மேட்டுக்குப் போகாத வீடு இல்லை. மேட்டுப் பழம் என்று பெயரும் மாறிப்போயிற்று. யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை.

பின்னாளில் அவள் மகனுக்குச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து பெண் எடுத்தோம். வந்த பெண் பழத்தை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இது இன்னா பழம் அத்தே? எங்க ஊர்ல கெடையாதே."

"எங்க ஊருப் பழம்டி. வேற எங்கியும் கெடைக்காது" என்றாள் என் ஓரகத்தி.

நான் பக்கத்தில் மீன் செதிலெடுத்துக்கொண்டிருந்தேன். கோட்டையைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவள் சொன்னது பொய் என்றும் எனக்குப் படவில்லை. அடுத்த மீனை எடுத்தேன்.