தொட்டியத்துக்காரரின் பதினொரு நிமிடம்

நஜீமா சிரித்தால் பாலக்கரையில் நான்கு கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்த ஒன்றாம் நம்பர் பஸ் அந்தச் சத்தத்தில் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டதாகவும் பேச்சு உண்டு. பஸ் பழசு, ஆகையால் அதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ரவிக்கைத் துணி விற்கிற அவளுடைய மேட்சிங் சென்டரில், புடவையின் நுனியைப் பார்த்த மாத்திரத்தில் முந்நூறு நிறங்களுக்குள் கையை விட்டுச் சரியான துணியை உருவிப் போடுவாள் என்பது சத்தியம்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. அதற்கப்புறம் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் காலையில், தில்லைநகரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டியதாயிற்று. இடது கை நரம்பு சரிப்படவில்லை என்று வலது கையில்தான் ஊசி. போனைப் பிடிக்க மிஞ்சியது பழக்கமில்லாத இடது கை. இந்தக் கதைக்கு அந்தக் கை முக்கியம்.

அடுத்த கட்டிலில் பீமராவ். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருந்தார். கட்டிலில் ஏறும்போது காதில் இயர்போனை மாட்டினால் இறங்கும்போதுதான் கழற்றுவார்; யாராவது பேசினால் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி.

"அப்படி என்னதான் சார் கேக்குறீங்க?" என்று முதல் வாரமே நஜீமா கேட்டாள்.

அவர் அனுப்பி வைத்தார். எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் உறைந்துபோன ஏரியின்மேல் ஒருவன் கல்லை வீசுகிறான். அந்தச் சத்தம் நாற்பது நிமிடம்.

"இதுக்கு யாராச்சும் கை தட்டினாங்களா?"

"தட்டலைன்னுதான் நெனைக்கிறேன். நீங்க பொறுமையா கேக்கணும் நஜீமாம்மா."

பதிலுக்கு அவள் ஒரு காமெடி கிளிப் அனுப்பினாள். கல்யாணப் பந்தியில் ஒருவர் பக்கத்து இலை அப்பளத்தை நொறுக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் விட்டத்தைப் பார்க்கிற கிளிப். அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம். அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று. இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஒரே நேரத்தில் போனைத் தட்ட வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

ஊசி குத்திய கை அசைந்தால் மெஷின் கீ கீ என்று கத்தும். கிளிப் ஓடுகிறபோதெல்லாம் நஜீமாவின் மெஷின் கத்தும். டெக்னீஷியன் ஜோதி, கிறீச்சிடுகிற டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவாள். "அக்கா, சிரிக்கிறதுன்னா வீட்ல போய்ச் சிரிங்க!" பீமராவின் மெஷின் மட்டும் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அப்படிக் கத்தியதில்லை. மிகவும் ரசித்தால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விடுவார். நஜீமா அதையே பெரிய வெற்றியாக எண்ணிக்கொள்வாள்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, கட்டு போட்ட கையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரலை."

"ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல. போதும்னு தோணுது. எதுக்கு இதெல்லாம்?"

நஜீமா வாயைத் திறப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. ஜோதி நான்கு முறை போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு தடவை தவறுச்சுன்னா நெஞ்சுல தண்ணி சேந்துடும்க்கா," என்றாள். நஜீமா இடது கையால் ஆறு கிளிப்புகளை வரிசையாக அனுப்பினாள். ஒன்றையும் அவர் திறக்கவில்லை. ஏழாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, போன் நெஞ்சின்மேல் சரிந்தது.

விழித்துப் பார்த்தால், அவளுடைய போனிலிருந்து பதினொரு நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு அவருக்குப் போயிருந்தது. கட்டைவிரல் எதையோ அழுத்தி, போர்வைக்குள் போன் தன் பாட்டுக்குப் பதிவு செய்து, விரல் மறுபடி எதையோ அழுத்தி அனுப்பியும்விட்டிருக்கிறது. அழிக்கலாம் என்று பார்த்தாள். அதற்குள் நீல டிக் விழுந்திருந்தது.

கடைக்குத் திரும்பிய பிறகு மத்தியானம் அவரிடமிருந்து செய்தி வந்தது.

"மூணு தடவை கேட்டேன். யார் இவர்? எந்த வருஷப் பதிவு?"

கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள். அடுத்த செய்தி: "நடுவில் சக்கரம்போலக் கிறீச்சென்று ஒன்று வந்து, நின்று, திரும்பிப் போகிறதே, அது என்ன வாத்தியம்?"

நஜீமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடம் அதே அறையில் படுத்திருந்த மனுஷர். காதை அடைத்தே கிடந்ததால் அந்த அறையை அவர் கேட்டதே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் மூக்கு வழியாகக் காற்றை விட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார், வியாழக்கிழமையும் கட்டில் காலியாகவே கிடக்கும். கடையில் ஊதா நிறத்துக்கு லைனிங் கேட்டு நின்ற பெண்ணைக் காத்திருக்க வைத்துவிட்டு, இடது கையாலேயே தட்டினாள்.

"தொட்டியத்துக்காரர். வாழைத்தோப்புக்குள்ள வீடு. பேரைச் சொல்ல மாட்டார். வாத்தியம் அவரே செஞ்சது. ரெண்டாம் பாகத்தைப் போன்ல அனுப்பக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். வியாழக்கிழமை நேர்ல வந்தா கேக்கலாம்."

பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, புதன்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை நஜீமா பச்சைக்குக் கிளிப்பச்சையை எடுத்துக் கொடுத்தாள். கடை வைத்த நாளாக அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை.

வியாழக்கிழமை காலை ஊசி குத்தி அரை மணி ஆயிற்று. கதவு திறந்தது. வீங்கிய கால் செருப்புக்குள் போகாமல், குதிகால் வெளியே நிற்க, பீமராவ் வந்தார்.

"நாலு கிலோ தண்ணியோட வந்திருக்கீங்க சார்!" என்று ஜோதி கத்தினாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊசி ஏறியதும் நஜீமாவின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாம் பாகம்?"

"மொதல்ல காதுல இருக்கறதைக் கழட்டுங்க."

"கழட்டிட்டு எப்படிக் கேக்கறது?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க. தொட்டியத்துக்காரர் போட்ட கண்டிஷன்."

கழற்றினார். மெஷின் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஏ.சி. ஒரு பெருமூச்சு விட்டது. கோடிக் கட்டிலில் யாரோ செருமினார். பிறகு அறையின் மறுமுனையிலிருந்து ஜோதியின் டிராலி கிறீச்சென்று வந்தது, அவர் கட்டிலருகே நின்றது, திரும்பிப் போனது.

பீமராவ் டிராலியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் நஜீமாவைப் பார்த்தார். அவள் அப்பளம் நொறுக்கினவரைப்போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மூக்கு வழியாகத்தான் காற்று வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, ஊசி குத்திய கையும் குலுங்கியது. பீமராவின் மெஷின் கீ கீ என்று கத்தியது. ஜோதி பழக்கத்தில் நஜீமாவின் கட்டிலுக்கு ஓடி வந்து, "அக்கா!" என்று அதட்டிவிட்டு, கத்துவது பக்கத்து மெஷின் என்று தெரிந்து அப்படியே நின்றாள்.

"நஜீமாம்மா," என்றார் பீமராவ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏழாவது நிமிஷத்துல ஒரு குறட்டை வருது. அது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தின்னு அந்தத் தொட்டியத்துக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

"நான் ஏன் சொல்றேன்? சனிக்கிழமை வந்து நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார்.