மூன்று கையெழுத்தும் ஒரு சிலிண்டரும்

எங்கள் கார் என் மனைவியின் பேரில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் அவள் வாங்கியது. ஓட்டுவது நான். சட்டப்படி பார்த்தால் சம்பளமில்லாத டிரைவர்.

அதை பெட்ரோலிலிருந்து சி.என்.ஜி.க்கு மாற்றலாம் என்று முடிவெடுத்தவனும் நான்தான். மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் இப்படி மாற்றிய இரண்டு பேரும் புரோக்கரைப் பிடித்துத்தான் மாற்றினார்கள். எனக்கு அந்த அவமானம் வேண்டாம். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். எந்தப் படிவம் எந்த மேசையில் தூங்கும், எப்படி எழுதினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. கே.கே. நகரில் அங்கீகாரம் பெற்ற பட்டறையைத் தேடிப் பிடித்தேன். முன் அனுமதிக்கு விண்ணப்பம், சிலிண்டரின் அழுத்தச் சோதனைச் சான்று, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம், சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு, ஒன்றையும் விடவில்லை. உரிமையாளர் கையெழுத்து மூன்று இடத்தில் வேண்டியிருந்தது. அவள் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்றேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். வண்டியை சர்வீசுக்கு விடுவதாகச் சொல்லியிருந்தேன். ஒருவகையில் அதுவும் உண்மைதான்.

பட்டறையில் மெக்கானிக் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். "சார், நான் பார்த்தா போதும்" என்றார். போதாது என்றேன். போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் என் கோப்பை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, திருப்பி அனுப்ப ஒரு காரணமும் கிடைக்காத வருத்தத்தோடு ஒப்பமிட்டார். அந்த வருத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவது எங்கள் வழக்கம். அதற்கென்றே டிக்கியில் இரண்டு மடக்கு நாற்காலிகள் கிடக்கும். வண்டியை மாற்றியபின் வந்த முதல் சனிக்கிழமை டிக்கியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நாற்காலிகள் பரணுக்குப் போயிருந்தன. அவை இருந்த இடத்தில் சிலிண்டர் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"இத யாரு வைக்கச் சொன்னா?"

"நீதான். மூணு இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கியே."

இதைவிட மோசமான வாக்கியங்களை அலுவலகத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவற்றைப் படித்த யாரும் என்னோடு குடித்தனம் நடத்தவில்லை.

அவள் டிக்கியை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. "அப்படியா? கையெழுத்துப் போட்டவ இனிமே இதுல ஏற மாட்டா" என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின. அவள் ஆட்டோவில் போவாள், நான் பின்னாலேயே காரில் போவேன். கடற்கரையில் அவள் ஒரு சிமென்ட் பெஞ்சு, நான் ஒரு சிமென்ட் பெஞ்சு. வண்டி அருமையாக மைலேஜ் கொடுத்தது. அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை.

நான்காவது சனிக்கிழமை அவளுக்கு முன்பே கிளம்பி, அடையாறில் ஒரு பங்க்கில் கேஸ் நிரப்ப வரிசையில் நின்றேன். கேஸ் நிரப்பும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக்கூடாது, எல்லோரும் இறங்கியாக வேண்டும். சற்று நேரத்தில் பக்கத்து வரிசையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது என் மனைவி.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "இதுவும் கேஸ் வண்டிதான். சிலிண்டரோடதான் வந்திருக்க" என்றேன்.

"தெரியும். சிலிண்டர்னா பயம்னு நான் எப்ப சொன்னேன்?" என்றவள் ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, வர்ற வழியில என்கிட்ட என்ன கேட்டீங்க?"

"கேஸ் கம்மியா கீது, போட்டுக்கினு போலாமா, அஞ்சு நிமிசம் ஆவும், பரவால்லியான்னு கேட்டேன். ஏம்மா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கேட்டீங்க இல்ல, அதான்."

என் கோப்பை மனதுக்குள் புரட்டினேன். முதல் தாளே இல்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"மாத்துங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நாற்காலிய பின் சீட்டுல போட்டுக்கலாம். அங்க யாரு உக்காரப் போறா?"

அத்தனை சுற்றறிக்கைகளைப் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

"சரி, இப்ப கேக்கறேன்."

"வாயால கேட்டா எப்படி? எழுத்துல குடுங்க."

பட்டறைக்காரர் கொடுத்த ரசீதின் பின்பக்கம், காரின் பானெட்டில் வைத்து எழுதினேன். 'அம்மையீர், தங்கள் வாகனத்தில் தங்களைக் கேளாமல் செய்த மாற்றத்துக்குப் பின்னேற்பு வழங்குமாறு பணிவுடன் கோருகிறேன்.' அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, வரி வரியாகப் படித்தாள். அதற்குள் என் வண்டிக்குக் கேஸ் நிரம்பியிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"யம்மா, வண்டிய எடுக்கச் சொல்லும்மா, பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க!" என்று பங்க் ஆள் கத்தினார்.

"படிக்காம கையெழுத்துப் போடறத விட்டுட்டேன்ப்பா" என்றவள், தாளை என்னிடம் நீட்டினாள். "தேதி போடல."

போட்டேன். அவள் ஒரே ஒரு இடத்தில் கையெழுத்திட்டாள்.

"பாஸா சார்?" என்று கேட்ட ஆட்டோக்காரருக்குக் கடற்கரை வரைக்குமான வாடகையைக் கொடுத்துவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல வீட்டுக்குத் திருப்புங்க. பரண்லேர்ந்து நாற்காலிய இறக்கணும்."