அந்தப் பாலில் நான் என்ன கலந்தேன்

திருவனந்தபுரத்திலிருந்து அந்த போன் வந்தபோது நான் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். தக்கலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக பி.டி. டீச்சர் வேலை. பேசியவர் ஒரு ஆண், மலையாளத்தில். செய்தித்தாளில் என் படத்தைப் பார்த்தாராம். டிவி சீரியலில் நடிக்க வர முடியுமா என்று கேட்டார். உடனே போனை வைத்துவிட்டேன்.

அப்போது நான் வலுதூக்கும் போட்டியில் மாநில சாம்பியன். தேசியப் போட்டியில் வெள்ளி வாங்கிய செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. மேடையில் கை தட்டினவர்களே கீழே இறங்கியதும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஊக்கமருந்து ஊசி போட்டுத்தான் இந்த உடம்பு வந்தது என்று தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவிலேயே பேச்சு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறை வாசலில் ஒருத்தி என்னை மறித்து, மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். அதனால் நடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்றதும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. என்னை வைத்துச் சிரிக்கப் போகிறார்கள்.

மறுநாள் அவரே மறுபடி அழைத்தார். "காமெடி வேஷமா?" என்று நேராகவே கேட்டேன். இல்லை, ஒரு பணக்கார வீட்டு வேலைக்காரி, நடக்க முடியாத எஜமானியம்மாவைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், வந்த நடிகைகள் யாராலும் முடியவில்லை என்றார். காரணம் நம்பும்படி இருந்தது. அவ்வளவு பொருத்தமாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா மீன் வியாபாரி. துறைமுகத்தில் ஏலம் எடுத்துச் சந்தையில் விற்பவள். ஆட்களை எடைபோட்டே பழகியவள்.

"எனக்கு ஒண்ணும் சரியாட்டு தோணல மக்கா. தூக்கதுக்கு அந்த ஊருல ஆம்பிள இல்லியா?"

"பொம்பள வேஷம்மா அது."

"அப்பம் நானும் வாறேன்."

நகரத்துக்கு வெளியே வாடகைக்கு எடுத்த பெரிய வீடு. அதில்தான் படப்பிடிப்பு. உடை மாற்ற எனக்கு ஓர் அறை காட்டினார்கள். அம்மா முதலில் உள்ளே போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள், கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். பிறகுதான் "ம், மாத்து" என்றாள். அவர்கள் கொடுத்த சாயாவை அவள் தொடவில்லை. நானும்தான். மூடி திறந்த பாட்டிலில் குடிக்காதே, அடுத்தவர் கலக்கியதை வாயில் வைக்காதே, ஊக்கமருந்து கலந்திருக்கும் என்று பயிற்சி முகாமில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

எஜமானியாக நடித்த அம்மையார் பழைய நடிகை. கேரளத்தில் அவர் முகம் தெரியாத வீடு இருக்காது. அவருக்கு என்மேல் நம்பிக்கையே இல்லை. எனக்கு முன்னால் வந்தவள் அவரைக் கீழே போட்டுவிட்டாளாம். கட்டிலைச் சுற்றி மெத்தை விரிக்கச் சொல்லிவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேடிக்கண்டா அம்மே," பயப்பட வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். முழங்காலுக்கடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, மெதுவாக எழுந்தேன். அவர் நகங்கள் என் தோளில் பதிந்தன. மாலைக்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு நடக்கும்போதே தன் சொந்த மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மாதத்தில் சில நாட்கள் லீவு போட்டுவிட்டு அப்படிப் போய்வந்தேன். வசனம் அதிகம் இல்லை. ஆனால் கதை ஒரு தினுசாக நகர்ந்தது. வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போனது. காமிரா என் முகத்துக்கு வந்தது. மாத்திரை டப்பா இடம் மாறியது. மறுபடி என் முகம்.

"சார், இவள் திருடியா?" என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"அது இப்போள் அறியண்டா, தெரிய வேண்டாம். ஜன்னலைப் பார், போதும்."

காமிராக்காரரிடம் கேட்டேன், மேக்கப் போடும் அக்காவிடம் கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார்கள். நான் நம்பவில்லை. எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். டிவியில் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. எனக்கு இயக்குநர்மேல் இருந்த சந்தேகம்தான் அந்த முகத்தில் இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது ஒரு வேலைக்காரி சதி செய்வதுபோலத் தெரிந்தது. நடிப்பு பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு அந்தப் பால் காட்சி வந்தது. அடுக்களையிலிருந்து எஜமானியம்மாவுக்குப் பால் தம்ளரை எடுத்து வர வேண்டும், பாதி வழியில் நிற்க வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும், போக வேண்டும். அவ்வளவுதான். அது ஒளிபரப்பான மறுநாள் அம்மா சந்தையிலிருந்து வந்து பாத்திரத்தை இறக்கிவைத்தாள். கைகூடக் கழுவவில்லை.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. அந்தப் பாலுல நீ என்னத்தையாக்கும் கலக்கின?"

"ஒண்ணும் கலக்கலம்மா. நிக்கச் சொன்னாவ, நின்னேன். திரும்பிப் பாக்கச் சொன்னாவ, பாத்தேன்."

"ஒண்ணும் கலக்காதவ எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? சந்தையில எல்லாரும் கேக்குதாவ. நான் என்ன சொல்லட்டும்?"

சிரிப்புதான் வந்தது. பிறகு மனது வலித்தது. ஊசி போட்டாளா என்று ஊரே கேட்டபோது ஒரு நாளும் கேட்காதவள் அம்மா.

அடுத்த முறை போனபோது காட்சியைப் படித்துக் காட்டினார்கள். பாலில் விஷம். கலந்தவள் நான்.

"இதை எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மக்கள் எல்லாரும் நீதான் என்கிறார்கள். அதனால் நீதான்," என்றார் இயக்குநர். அத்தனை நாளும் அவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒளித்துவைக்க அவரிடம் எதுவுமே இருந்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "சார், இந்த அம்மையைத் தினமும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறவள் நான். கொல்ல நினைத்தால் விஷம் எதற்கு? கையை விட்டால் போதாதா?"

பழைய நடிகை என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் நாள் பார்த்த அதே பார்வையோ என்று ஒரு நொடி பயந்தேன். அவர் இயக்குநர் பக்கம் திரும்பி, "அவள் சொல்வது சரி. விட்டிருந்தால் நான் எப்போதோ போயிருப்பேன்," என்றார்.

இயக்குநர் வெளியே போய் எழுத்தாளரிடம் நெடுநேரம் போனில் பேசினார். அன்று மதியம் படப்பிடிப்பு நடக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் குற்றவாளி அந்த வீட்டு மருமகன். அந்த வேஷம் கட்டிய நடிகர் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அவர் தன்னை நல்லவன் என்றே நினைத்து நடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

அடுத்த ஆண்டும் மேடை ஏறினேன், தேசியப் போட்டியில் தங்கம் வாங்கினேன். பிறகு முதுகு ஒத்துழைக்கவில்லை. சீரியலே தொழிலாகிவிட்டது. ஜெயில் வார்டர், போலீஸ், ஒரு முறை கல்யாணப் பெண்ணின் அம்மா. யார் கூப்பிட்டாலும், இவள் குற்றவாளியா இல்லையா என்று முதலில் கேட்டுவிடுவேன். என்ன பதில் சொன்னாலும் முழுதாக நம்புவதில்லை.

மருமகன் பிடிபட்ட எபிசோடு வந்த மறுநாள் அம்மா நிமிர்ந்த தலையோடு சந்தைக்குப் போனாள். வழக்கமாக வாங்கும் ஒருத்தி மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "மருமவன்தான் செய்தான், சரி. ஆனா அடுக்களையில இருந்து எடுத்துக் கொடுத்தது ஒன் மவதானே?" என்றாளாம்.

அம்மா அவளுக்கு அன்று மீன் கொடுக்கவில்லை.