இரண்டு படலங்களுக்கு நடுவே

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உயிர் என்றாலே ஆகாது. அதன் உள்ளே காற்று கிடையாது. ஈரமாக எதை வைத்தாலும் நொடியில் கொதித்து வற்றிப்போகும். அதனால் செல்களை மருந்து ஊற்றிக் கொன்று, உலர்த்தி, பிசினில் புதைத்து, மெல்லிசாகச் சீவித்தான் படமெடுப்போம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக எனக்கு அதுதான் வேலை. பிணத்தைச் சிங்காரிக்கிற வேலை என்று என்னை நானே கிண்டல் செய்துகொள்வேன். வேறு யார் செய்யப்போகிறார்கள், அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச ஆளே இல்லை.

எங்கள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ஒரு சீன அம்மையார். உயிரோடு இருக்கும் செல்லை ஒரு தடவையாவது அந்தக் கருவியில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு இரண்டு படலங்கள் வேண்டும், தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் வரும் கனத்தில். கீழ்ப் படலத்தின்மேல் செல்லை வளர்த்து, ஒரு சொட்டு ஊட்டநீர் விட்டு, மேல் படலத்தால் மூடி, விளிம்பு கசியாமல் இறுக்க வேண்டும். எத்தனையோ ஜோடி உடைந்து, ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியிருந்தது. புதுசு வர மாதக்கணக்கில் ஆகும். டாக்டருக்கோ அந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. இது போனால் போனதுதான்.

செல்களுக்கு நாள் கிழமை தெரியாது. அவை தயாராகி நின்ற அன்றைக்குத்தான் கிள்ளானில் அம்மாவுக்குத் தலைத் திவசம். பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து விடிகாலையில் ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போனேன். படையல் முடிந்ததும் அக்கா என் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தபோது நான் பையைத் தூக்கினேன்.

"காக்கா இன்னும் சோறு எடுக்கல, அதுக்குள்ள கெளம்பிட்டியா? ஒரு வாய் சாப்ட்டுப் போ லா."

"பதினோரு மணிக்கு நான் அங்க நிக்கணும்கா. இல்லன்னா செத்துரும்."

"செத்துருமாம்! பெத்த அம்மாவோட திவசத்தவிட அது பெருசாப் போச்சா உனக்கு? போ, போய் அதையே கட்டிக்கிட்டு அழு!"

அவள் சொன்னதில் என்ன தப்பு? பட்டினியாகவே ரயிலேறினேன்.

ஆய்வுக்கூடத்துக்குள் பவுடர், சென்ட், திருநீறு எதுவும் ஆகாது. ஒரு தூசி விழுந்தாலும் தொலைந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் லிஃப்டுப் பக்கத்திலேயே நின்று டிஷ்யூவால் துடைத்துவிடுவேன். அன்றைக்கும் டிஷ்யூவை எடுத்தேன். துடைக்க மனசு வரவில்லை. அம்மாவுக்கென்று அன்று நான் செய்தது அந்த நெற்றியைக் குனிந்து கொடுத்தது ஒன்றுதான். உள்ளே போடுகிற தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டால் போதாதா, குடியா முழுகிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

குனிந்துதான் படலத்தை மூட வேண்டும். மூடினேன், குமிழி வரவில்லை. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தோம். செல்கள் கால் பரப்பி ஒட்டிக்கொண்டு நன்றாக இருந்தன. டாக்டர் என் தோளைத் தட்டினார். பெரிய கருவிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்ச ஆரம்பித்ததும் அழுத்தம் காட்டும் முள் எகிறியது. கசிவு! வெளியே எடுத்தபோது ஒரு பொட்டு ஈரம்கூட மிச்சமில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

டாக்டர் விளிம்பைப் பெரிதாக்கித் திரையில் பார்த்தார். இரண்டு படலங்களுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துகள். சோதித்ததில் கால்சியம் என்று வந்தது.

"ஊட்டநீரின் உப்பாக இருக்கும். இன்னொரு முறை வடிகட்டச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்புதான்," என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அது என்னவென்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். ஆனால் அந்த மனுஷி தன்னையே நொந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? தொப்பியைக் கழற்றி நெற்றியைக் காட்டினேன்.

"இது சாம்பல், டாக்டர். தப்பு என்னுடையது. அம்மா இறந்து இன்றோடு ஒரு வருடம். துடைக்க முடியவில்லை."

திட்டட்டும் என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"ஒரு வருடமா?" என்றார். "போன மாதம் எங்கள் புத்தாண்டுக்கு உன் அம்மாவுக்கென்று ஆரஞ்சுப் பழம் கொடுத்தேனே. நன்றாக இருந்ததா என்று கேட்டதற்கு, ரொம்ப இனிப்பு என்று அம்மா சொன்னதாகச் சொன்னாயே."

ஆமாம், சொன்னேன். அம்மா போனபோது 'குடும்ப விஷயம்' என்று எழுதிக் கொடுத்து விடுப்பு எடுத்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் அம்மா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்கிற ஒரே ஆள் டாக்டர்தான். அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேட்க மாட்டாரே. பழங்களை அறைக்குக் கொண்டுபோய், நாளுக்கு ஒன்றாக நானே தின்று தீர்த்தேன். நிஜமாகவே ரொம்ப இனிப்பாகத்தான் இருந்தன.