இருபத்தைந்தாம் கட்டில்

எங்கள் வார்டில் கட்டில்கள் இருபத்து நான்குதான். இருபத்தைந்து என்று ஒன்று கிடையாது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த எண்ணைப் போட்டு ஒரு சீட்டு எங்கள் சோதனை அறைக்கு வந்துவிடும். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ஹவுஸ் சர்ஜன். இளம் டாக்டர்களில் யாருக்காவது தன் உடம்பின் மேல் சந்தேகம் வந்தால் சொந்தப் பெயரில் சோதனைக்குக் கொடுக்க மாட்டோம். பெயர் தெரிந்தால் பெரிய டாக்டர் காதுக்குப் போகும், பெட்டியைக் கட்டு என்பார்கள். அதனால் சளியோ ரத்தமோ, இருபத்தைந்தாம் கட்டில் என்று எழுதி வைத்துவிட்டு வந்துவிடுவோம். யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. தன்னுடையதைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் கூடாது, பயந்த கண்ணுக்குத் தூசி கூடக் கிருமியாகத் தெரியும். அந்த வாரம் சோதனை அறை யார் பொறுப்போ அவன் பார்த்து, முடிவைச் சீட்டில் எழுதிக் கதவோரக் கம்பியில் குத்தி வைப்பான். உரியவன் ஆள் இல்லாத நேரம் பார்த்து உருவிக்கொண்டு போவான்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அதைப் பாழாக்கியவன் நான்.

அப்போது எங்களுக்கு விளையாட்டுப் புத்தி தலைக்கு மேல் இருந்தது. காப்பியில் மெத்திலீன் ப்ளூ சாயத்தைக் கலந்துவிடுவோம். குடித்தவனுக்கு மறுநாள் சிறுநீர் நீலமாகப் போகும், மருத்துவம் படித்தவனே அலறிக்கொண்டு ஓடி வருவான். மத்தியானம் அசந்து தூங்குகிறவனின் காலைக் கட்டில் கம்பியோடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டுவிடுவோம். நாள் முழுக்கச் சாவையும் சீழையும் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஏதாவது வேண்டியிருந்தது என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. எங்களுக்குக் கொழுப்பு, அவ்வளவுதான்.

என் அறைத்தோழன் எண்ணூர் போகிற வழியில் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்காரன். அந்தக் குப்பத்தில் பள்ளிக்கூடப் படியை முழுசாக ஏறி இறங்கியவனே அவன் ஒருவன்தான். கோபம் வந்தால் அவன் வாயில் இங்கிலீஷ் ஓடிப்போய் மெட்ராஸ் பாஷை வந்து குதிக்கும். பெண்கள் வார்டில் எங்களோடு வேலை பார்த்த லேடி டாக்டரை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவள் வீட்டார் தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் வெல்லமும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்கிற கிறிஸ்தவர்கள். ஆறு மாதம் அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து அப்பாவிடமிருந்து அவள் ஒரு வார்த்தை வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பையனை வரச் சொல், பார்க்கிறேன், ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லியிருந்தார் அவர். இந்த ரகசியம் தெரிந்த மூன்றாவது ஆள் நான். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்த வாரம் சோதனை அறை என் பொறுப்பு. வியாழக்கிழமை மத்தியானம் வரிசையில் இருபத்தைந்தாம் கட்டில் இருந்தது. சளி. யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாரமாக என் காதருகே இருமிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தானே. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போகுமுன் நிச்சயமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று வைத்திருக்கிறான் என்பதும் புரிந்தது. சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பொறுமையாகப் பார்த்தேன். டி.பி. கிருமி ஒன்றுகூட இல்லை. துறைமுகத்து நிலக்கரிப் புழுதியும் அவன் ஊதித் தள்ளிய சிகரெட்டும்தான் இருமலுக்குக் காரணம். இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நான் எழுதியது 'உண்டு'. போதாக்குறைக்கு, கிருமி ஏராளம் என்று காட்டும் மூன்று கூட்டல் குறி வேறு. சாப்பாட்டு மேஜையில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் கைதட்டி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

ஸ்லைடைக் கழுவ வாங்கிக்கொண்ட ஆயா, "இன்னா டாக்டரே, தனியா சிரிச்சிக்கினு கீறே? எதுனா நல்ல சேதியா?" என்றாள். "பெரிய சேதி" என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அன்று அவன் சாப்பிட வரவில்லை. மறுநாள் பார்த்தால் கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டிருந்தான். உள்ளே புழுக்கமாம். குடிக்கிற தம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தான், யாரோடு பேசினாலும் நாலடி தள்ளி நின்றான். சொல்லிவிடுவோம் என்று இரண்டு தடவை வராந்தா வரை போனேன், இரண்டு தடவையும் கைக்குட்டை தேடுகிறவன் போலத் திரும்பி வந்தேன். பொய்ச் சீட்டு எழுதினவனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்ன இருந்தது என்பதை அன்று சாயங்காலம்தான் கண்டுகொண்டேன்.

அவள் என்னைத் தேடிச் சோதனை அறைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்கு என்ன ஆச்சு? நேத்துலேர்ந்து என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறார். உங்களுக்குத் தெரியாம இருக்காதே?"

"தெரியலையே" என்றேன்.

"நாளன்னைக்கு அப்பா காத்துக்கிட்டிருப்பார். இதை விட்டா இன்னொரு தடவை கிடையாது. நான் பயந்துபோயிருக்கேன்."

அரைமணி நேரம் பேசினாள். வீட்டில் நடந்த சண்டை, அம்மா பேசாமல் இருப்பது, அண்ணன்மார் முறைப்பது எல்லாம் சொன்னாள். அதுவரை என்னிடம் அவள் நோயாளிகளைப் பற்றித் தவிர நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. நானும் தலையாட்டி, ஆறுதல் சொல்லி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்த அரைமணி எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது! இதை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அவள் எழுந்து போனபோது, இன்னும் ஒரு நாள் பொறுத்துச் சொன்னால்தான் என்ன என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசி போடப் போய் மருந்தை மறந்தேன், ஒரே நோயாளிக்கு இரண்டு தடவை நாடி பார்த்தேன். துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதும்போதெல்லாம் யாரோ என்னைக் கூப்பிடுவது போலத் திடுக்கிட்டேன். அவன் அன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் குப்பத்துக்குப் போய்விட்டான். அப்பாடா என்று இருந்தது, அடுத்த நிமிஷமே பகீர் என்றது.

ஞாயிறு இரண்டு மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி பஸ் ஏறினேன். டோல்கேட் நிறுத்தம் வரைக்கும் உட்கார்ந்தேன், அதற்கு மேல் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். திருவொற்றியூரில் இறங்கி மணலில் நடந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.

மீன் காயவைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வா நைனா. நேத்துலேர்ந்து ஒரு வாய் துன்னல, பேசல, கம்முனு குந்திகினு கீறான். நீயாவது இன்னானு கேளு."

கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "கிட்ட வராதே" என்றான். நான் கிட்டப் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

"உனக்கு ஒண்ணும் இல்லைடா. சளி சுத்தமா இருந்தது. நான் விளையாட்டுக்கு எழுதினேன்."

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். எழுந்து ஓங்கி ஓர் அறை விட்டான். காது குய்யென்றது. இன்னும் ஒன்று விடுவான் என்று நின்றேன். அவன் அதற்குள் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"என் அண்ணனுக்கு இந்த வியாதிதான்டா. மறைச்சுக் கல்யாணம் கட்டி வெச்சாங்க. ஒரே வருசத்துல செத்துப் பூட்டான். அந்த அண்ணி, தோ, அந்த வூட்லதான் கீது. இருபது வயசு. நான் கட்டிக்கப் போறவளையும் அப்புடி ஒக்கார வெக்கச் சொல்றியா?" என்றான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "மணி இன்னா?"

"மூணரை தாண்டியிருக்கும்."

இருவரும் ஓடினோம். அவன் சட்டையை ஓடிக்கொண்டே போட்டான். பஸ் வந்ததே ஒரு யுகம். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போனது, ஒவ்வொரு பெட்டியாக எண்ணினேன், பாதியில் எண்ணிக்கை தப்பியது. பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து, வண்டி போனதும் ஓடி, ஒரு கை ரிக்ஷாவைப் பிடித்தோம். ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை.

வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். உள்ளே யாரும் இல்லை.

"எல்லாரும் சாயங்கால ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிட்டாங்க" என்றாள் அவனிடம். "அப்பா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் யாருக்காகவும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையிலேயே ஆயா, நீங்க ஊருக்குப் போகுமுன்னே எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தா. 'மறந்துவிடு, காரணம் கேட்காதே'ன்னு. அதை நான் யாருக்கும் காட்டல. எப்படியும் வந்துடுவீங்கன்னு நினைச்சேன்."

அவன் பேச வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். சீட்டு, கிருமி, விளையாட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது, உங்கள் அப்பாவிடமே வந்து சொல்கிறேன், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன்.

"வெள்ளிக்கிழமை நான் வந்து உட்கார்ந்து கேட்டேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. என்னை அதோடு விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"நானும் டாக்டர்தானே? உங்களுக்கு டி.பி.ன்னா அதை என்கிட்ட சொல்லக் கூடாதா? வேணுமா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

"உன் நல்லதுக்குத்தான்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"எங்கப்பாவும் ஆறு மாசமா அதைத்தான் சொல்லிட்டிருக்கார்."

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

"இது பொய்யாப் போச்சு. சந்தோஷம். நாளைக்கு நிஜமாவே ஏதாவது வந்தா? அப்போ என்கிட்ட சொல்லுவீங்களா, இல்லை இதே மாதிரி ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போயிடுவீங்களா?"

சொல்லுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேண்டா என்று எனக்குள் கத்தினேன். அவன் யோசித்தான். அந்தப் பாவிக்குப் பொய் சொல்ல வராது. யோசித்துக்கொண்டே நின்றான், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் கோயில் விட்டு ஜனங்கள் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள்.

"போங்க, அப்பா வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.